கதிர்காமப் பாதையும் காலமறிதலும்

திருக்குறளின் 49ஆம் அதிகாரத்திற்குக் ‘காலமறிதல்’ என்று பெயர். தோட்டத்துப் பள்ளியில் பயின்ற நாள்களில் அவ்வதிகாரத்தை மனப்பாடம் செய்து, ஆசிரியரிடம் ஒப்பித்துப் பாராட்டும் பெற்றவர்கள் நாங்கள். ஆயினும் அதன் பொருளை எங்களுக்கு உணர்த்தியது பள்ளி அன்று. இலங்கைத் தீவின் கீழைக் கடலோரமாகக் கதிர்காமத்தை நோக்கிச் செல்லும் நடைபாதையே ஆகும். உடன்பிறந்தோர் மூவராகிய நாங்கள் அப்பாதையில் இருமுறை இறங்கினோம். முதன்முறை பாதி வழியில் திரும்பினோம். மறுமுறை சென்று சேர்ந்தோம். அவ்விரு பயணங்களுக்கும் இடையே நாங்கள் கற்றதை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

எங்கள் தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். அத்தோட்டத்தில் பணியாற்றிய கிராணியார் யாழ்ப்பாணத்தவர். அவர் துணைவியார் மாலை வேளைகளில் லயத்துப் பெண்களுக்குக் கதிர்காமக் கந்தனின் பெருமையைக் கூறுவாராம். எங்களுள் மூத்தவர் ஏழு வயதில் கடுங்காய்ச்சலுற்றுக் கிடந்தபொழுது, “பிள்ளை பிழைத்தால் உன் சந்நிதிக்கு நடந்தே வருகிறேன்” என்று தாயார் நேர்ந்துகொண்டார். ஐம்பது காசு நாணயம் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் பின்னால் வைத்தார். பிள்ளை பிழைத்தது. ஆனால், வேண்டுதலை நிறைவேற்ற வறுமை இடந்தரவில்லை. வறுமை சற்றே நீங்கியபொழுது 1983இல் இலங்கையில் போர் மூண்டது. அது 2009இல் ஓய்ந்தது. அம்முடிச்சு அவிழாமலே நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது.

கதிர்காமப் பாத யாத்திரை பற்றி அறியாதோர்க்குச் சில சொற்கள் கூறுவோம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை ஆகிய ஊர்களைக் கடந்து, கடலோரக் குன்றில் விளங்கும் உகந்தை முருகன் ஆலயத்தை அடைவர். முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் அதுவென்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அதற்கப்பால் ஊரில்லை, குமண, யால என்னும் காடுகளே உள்ளன. நான்கைந்து நாள் காட்டில் நடந்து, மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்தைச் சேர்வர். முழுத் தொலைவும் நடப்போர்க்கு ஒன்றரை மாதத்திற்கு மேலாகும். தமிழரும் சிங்களரும் வேடரும் இசுலாமியரும் ஒருங்கே போற்றும் திருத்தலம் அது.

2014ஆம் ஆண்டில் தாயாருக்கு அகவை எழுபத்தொன்று. கால்களில் வலு இருக்கும்பொழுதே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தோம். மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் ஆலயத்திலிருந்து உகந்தை வரை நடப்பது, பின்னர் வண்டியில் கதிர்காமம் செல்வது என்பது திட்டம். எந்த மாதம் செல்வது என்ற வினாவிற்கு எங்களிடம் ஒரே விடைதான் இருந்தது. டிசம்பரில் பள்ளி விடுமுறை. எங்கள் வேலையிடங்களிலும் விடுப்பு எளிதாகக் கிடைக்கும். வேறென்ன வேண்டும்?

தாயார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “அங்கே மழை எப்போது, கேட்டீர்களா?”

இருட்டோடு எழுந்து வானத்தைப் பார்த்தபின் வாளியைத் தூக்கியவர் அல்லரோ அவர்! மரம் நனைந்தால் அன்றைய வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்று வாழ்ந்தவருக்கு அக்கேள்வி இயல்பாக எழுந்தது. படித்தவர்களாகிய எங்களுக்கு எழவில்லை. “மழை எங்கேதான் இல்லை, அம்மா?” என்று சிரித்துவிட்டோம்.

மாமாங்கத்தில் புறப்பட்ட அன்று தூறல். மறுநாள் அடைமழை. மூன்றாம் நாள் வயலும் குளமும் சாலையும் ஒரே நீர்ப்பரப்பாயின. முழங்கால் அளவு நீரில் நடக்கையில் தாயார் கால் வழுக்கி வீழ்ந்தார். முன்பின் அறியாத இளைஞர் இருவர் அவரைத் தூக்கிச் சென்று, வெள்ளத்தால் வீடிழந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தனர். அவ்வாண்டு டிசம்பர் வெள்ளம் இலங்கையின் பல மாவட்டங்களை வருத்தியது. அப்பள்ளியில் மூன்றிரவு தங்கினோம். தம் வீடே நீரில் மூழ்கியிருந்த மூதாட்டி ஒருவர் எங்களுக்குச் சோறு பகிர்ந்தளித்தவாறு, “கார்த்திகை மார்கழியில் எங்கள் ஊரில் ஆறும் கடலும் ஒன்றாகிவிடும், பிள்ளைகாள். ஆனி ஆடியில் அல்லவா வரவேண்டும்!” என்றார்.

தாயார் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. புறப்படுமுன் தென்திசை நோக்கிக் கைகூப்பினார். முடிச்சை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவே. ஊர் திரும்பிய சில மாதங்களில் அவருடைய முழங்கால் வீங்கியது. இனி நெடுந்தொலைவு நடக்கலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். எங்கள் வசதிக்காகத் தேர்ந்த மாதம், நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவரின் ஒரே வாய்ப்பைப் பறித்துவிட்டதென்று அன்று உணர்ந்தோம்.

அதன் பின்னரே, முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தோம். அப்பாதையின் பருவங்களை ஆராய்ந்தோம். நம் நாட்டில் ஆண்டிறுதியில் கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் ஆழ்த்தும் வடகிழக்குப் பருவக்காற்றே இலங்கையின் வடக்கிற்கும் கிழக்கிற்கும் மழை கொணர்கின்றது. அக்டோபர் முதல் சனவரி வரை அங்கே மழைக்காலம். அப்பொழுது களப்புகள் நிரம்பி, மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. கடலோர நடைவழி பல இடங்களில் இல்லாமலே போய்விடுகின்றது.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மழை ஓய்ந்து காலைப்பொழுது இதமாக இருக்கும். ஊர்ச்சாலையில் நடக்க அதுவே சுகமான காலம். ஆனால், உகந்தைக்கு அப்பாலுள்ள காடு அரசின் காவலுக்கு உட்பட்டது. கதிர்காமத் திருவிழாவை ஒட்டிய சில நாள்களில் மட்டுமே நடையாளர்க்கு அவ்வழி திறக்கப்படுகின்றது. திருவிழாவோ பிறைக் கணக்கின்படி ஆனியிலோ ஆடியிலோ அமாவாசையை ஒட்டித் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டி மாணிக்க கங்கையில் தீர்த்தத்துடன் நிறைவுறுகின்றது.

ஆனியும் ஆடியும் அங்கே கடுங்கோடைக் காலம். தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட வெங்காற்றாகக் கிழக்கே இறங்குகின்றது. அதனைக் கச்சான் என்பர். முகத்தில் அனல் வீசும்; உதடு வெடிக்கும். ஆயினும் அப்பருவத்தில்தான் ஆறுகள் வற்றி, முகத்துவாரங்களை மணல் மூடி, நடக்க வழி பிறக்கின்றது. வழியெங்கும் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் அப்பொழுதுதான். பல்லாயிரவர் கூடிச் செல்வதால் துணையும் உண்டு. சுகமான பருவம் வேறு, ஏற்ற பருவம் வேறு என்பது எங்களுக்கு விளங்கியது. பாதை இருக்கின்றதா, தண்ணீர் கிடைக்குமா, துணை உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் ‘ஆம்’ என்னும் காலமே யாத்திரைக்குரிய காலம்.

2016ஆம் ஆண்டு ஜூலையில், நோன்புப் பெருநாள் விடுமுறையோடு சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்துக்கொண்டு மூவரும் புறப்பட்டோம். தாயார் மஞ்சள் முடிச்சை மூத்தவர் கையில் கொடுத்து, “நான் வந்ததாகச் சொல்லுங்கள்” என்றார். காட்டுவழி முழுவதையும் நடந்தே தீர்ப்பதென உறுதிகொண்டு உகந்தையில் தொடங்கினோம்.

விடியலில் நடை, வெயில் ஏறியதும் மரநிழலில் ஓய்வு, மாலையில் மீண்டும் நடை. குமுக்கன் ஆற்றைக் கணுக்கால் நீரில் கடந்தோம். அவ்வாறு மார்கழியில் எவ்வாறிருக்கும் என்றெண்ணியபொழுது, தாயாரை நீரில் விட்ட அந்நாள் நினைவுக்கு வந்து நெஞ்சு நடுங்கியது. நாவலடி, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. அது பாலைப்பழம் பழுக்கும் காலம். அப்பழம் கரடிக்கும் விருந்தாதலால், கூட்டத்தைப் பிரிந்து எவரும் செல்லலாகாது என்று முதியவர்கள் எச்சரித்தனர். அங்கே ஒருவரையொருவர் பெயர் கூறி அழைப்பதில்லை, எல்லாரும் ‘சாமி’தான். இரண்டாம் நாள் எங்கள் குடுவை வற்றியபொழுது, தம்மிடம் எஞ்சியிருந்த அரைக்குடுவை நீரைச் சிங்கள அன்பர் ஒருவர் எங்களுக்கு நீட்டினார். மொழி புரியவில்லை, தாகம் இருவருக்கும் புரிந்தது.

ஐந்தாம் நாள் மாணிக்க கங்கையில் நீராடிச் சந்நிதி சேர்ந்தோம். அங்கே கருவறை கண்ணுக்குத் தெரிவதில்லை, திரைச்சீலையே தரிசனம். மூத்தவர் முடிச்சை அவிழ்த்தார். ஐம்பது காசு கறுத்துப் போயிருந்தது. அதனைக் காணிக்கையாக இட்டபொழுது மூவரும் பேசாது நின்றோம்.

வீடு திரும்பித் தாயார் கையில் திருநீற்றைக் கொடுத்தோம். அவர் நெற்றியில் பூசிக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்: “வழியில் மழை பெய்ததா?”

“ஒரு துளியும் இல்லை, அம்மா.”

“அப்படியானால் சரி” என்றார்.

மாணவச் செல்வங்களே! நம் விடுமுறையைப் பார்த்துப் பருவம் மாறுவதில்லை. செல்லவேண்டிய ஊரின் காற்றையும் மழையையும், அங்கே வாழ்பவரிடமும் வானத்தைப் படித்த பெரியோரிடமும் முன்னரே கேட்டறியுங்கள். உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ ஒரு கேள்வி கேட்டால், சிரித்துவிட்டுச் செல்லாதீர்கள். நாங்கள் அன்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருப்போமாயின், அந்த நாணயத்தை எங்கள் தாயாரே தம் கையால் இட்டிருப்பார்.