இரண்டு நாள் பிணை

ரெமிசியர், அதாவது கமிஷனுக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் தரகு முகவர், என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் கிள்ளானில் அடுத்து வரும் கேள்வி, "அண்ணே, எந்த ஷேர் ஏறும்?" என்பதுதான். தெங்கு கிளானா சாலைக் கடைக்காரரும் கேட்பார், பிரிக்ஃபீல்ட்ஸில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கேட்பார். எது ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தால் நான் ஏன் கமிஷனுக்கு உழைக்கப்போகிறேன்? பங்குச் சந்தையில் என் வேலை பிணை நிற்பது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

வாடிக்கையாளர் ஒருவர் காலையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) விலையில் 10,000 பங்கு வாங்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் விற்பவரின் விலையும் அவர் விலையும் பொருந்திய கணமே பேரம் முடிந்துவிடும். ஆனால் பணம் இன்னும் கைமாறவில்லை, பங்கும் அவருடைய சிடிஎஸ் என்னும் பங்குவைப்புக் கணக்கில் ஏறவில்லை. இரண்டு வேலை நாள் கழித்துத்தான் கணக்குத் தீரும். 2019 ஏப்ரல் வரை இது மூன்று நாளாக இருந்தது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அதைவிட அதிகம். இந்த இடைவெளியில் விலை சரியலாம். வாங்கியவர் கைபேசியை அணைத்துவிட்டுக் கேமரன் மலைக்குப் போய்விடலாம். முகம் தெரியாத அந்த விற்பனையாளருக்கோ பணம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அதனால்தான் இருவருக்கும் நடுவே பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் கிளியரிங் நிறுவனம் வந்து நிற்கிறது. விற்பவருக்கு அதுதான் வாங்குபவர். வாங்குபவருக்கு அதுதான் விற்பவர். பணம் வராவிட்டால் அது தரகு நிறுவனத்தைப் பிடிக்கும்; தரகு நிறுவனம் என்னைப் பிடிக்கும்; நான் வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டும். நிறுவனத்தில் நான் வைத்திருக்கும் வைப்புத்தொகையும் வரவேண்டிய கமிஷனும் அதுவரை அங்கேயே நிற்கும். தோட்டத்தில் கூட்டுச் சீட்டு பிடித்த அக்காக்களின் நிலைமையும் இதுதான்: யார் ஓடினாலும் அக்காதான் கட்ட வேண்டும்.

இந்த இடைவெளியை வைத்துப் பிறந்ததுதான் கோன்ட்ரா. வாங்கிய பங்கைப் பணம் கட்டும் நாளுக்குள் விற்றுவிட்டால் வித்தியாசத்தை மட்டும் தீர்த்தால் போதும். 10,000 வெள்ளிச் சரக்கைக் கையில் காசில்லாமல் வாங்கலாம். பத்துக் காசு ஏறினால், தரகுச் செலவு போக, ஆயிரத்தை ஒட்டி லாபம். இறங்கினால் ஆயிரத்துக்கு மேல் நட்டம். 'யார் பணமும் இல்லாமல் விளையாடலாம்' என்று பேசுவார்கள். அது யார் பணம் என்பது விலை இறங்கும்போதுதான் தெரியும்.

1993-இல் கோலாலம்பூர் சந்தைக் குறியீடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. தரகு நிறுவனங்களின் பொதுமக்கள் கூடத்தில் நிற்க இடம் இருக்காது. அடுத்த ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி குறியீடு 1,314-ஐத் தொட்டது. பிறகு 1997 ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1998 செப்டம்பர் 1-இல் குறியீடு 262. மறுநாள் அரசு ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நாணய மதிப்பைக் கட்டி வைத்தது. வாடிக்கையாளர்கள் விட்டுப்போன பாக்கிக்காக வீட்டை விற்ற ரெமிசியர்கள் உண்டு. தமக்கென்று ஒரு பங்கு கூட வாங்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ரெமிசியரே பிணை நிற்கும் இந்த ஏற்பாட்டைக் குரூரம் என்பார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. வாடிக்கையாளர் வாங்கினாலும் எனக்குக் கமிஷன், விற்றாலும் கமிஷன். பேராசை முழுக்க என் பக்கம். பிணைச் சுமையும் என் தலையில் இல்லாவிட்டால் கேட்பவர்க்கெல்லாம் கேட்ட அளவு வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். ஆசையையும் பயத்தையும் ஒரே ஆளிடம் வைத்ததில்தான் இந்த அமைப்பின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஆகவே நான் படிப்பது நிறுவனங்களின் கணக்கறிக்கையை விட ஆட்களைத்தான். முதல் சிறு நட்டத்தில் ஒருவர் தானே பணத்தைக் கட்டிவிட்டுத் தகவல் சொல்கிறாரா, நான் நான்கு முறை அழைக்க வேண்டியிருக்கிறதா? நட்டப்பட்ட மறுநாள் இரு மடங்கு வாங்கச் சொல்கிறாரா? மனைவி பேரில் இன்னொரு கணக்குத் திறக்க முடியுமா என்று கேட்கிறாரா? கடைசிக் கேள்வி வந்துவிட்டால் அவருடைய வரம்பைக் குறைத்துவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனவர்கள் உண்டு.

எங்கள் ஊர்ப்பக்கம் நான் பார்த்து வளர்ந்த செம்பனைக்கும் ஒரு சந்தை இருக்கிறது; நட்டத்தை வேறு விதமாகப் பிடிக்கும் சந்தை அது. 1980-இல் கோலாலம்பூரில் தொடங்கிய செம்பனை எண்ணெய் முன்பேர வணிகத்தில் ஓர் ஒப்பந்தம் 25 டன். விலை டன்னுக்கு நூறு வெள்ளி இறங்கினால் வாங்கி வைத்திருப்பவருக்கு 2,500 வெள்ளி நட்டம். அதை அன்றைய கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். முன்பணம் குறைந்தால் உடனே நிரப்பச் சொல்வார்கள். அங்கே நட்டம் இரண்டு நாள் ஒளிந்திருக்க முடியாது. 1984-இல் சில தரகு நிறுவனங்கள் பணம் கட்டத் தவறி அந்தச் சந்தையே ஆட்டங்கண்டது. பிணை நிற்பவரிடமே பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

மூத்தவர்கள் என்னிடம் வந்தால் பேச்சு எப்படியும் மைக்காவில் போய் முடியும். 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 66,000 மலேசிய இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. பங்குப் பத்திரம் பீரோவில் இருந்தது. விற்கலாம் என்றால் தினமும் விலை கேட்கும் ஆள் இல்லை. அது ஏன் தேறவில்லை என்று நிர்வாகத்தைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். தொழில்காரனாக நான் பார்ப்பது இதை: சந்தை இருந்திருந்தால் சந்தேகம் வந்த அன்றே ஒருவர் குறைந்த விலைக்காவது விற்று வெளியேறியிருப்பார், விழும் விலை மற்றவர்களுக்கும் எச்சரிக்கையாக இருந்திருக்கும். விற்பதற்கு வழி இருப்பதும் பங்கின் மதிப்பில் ஒரு பகுதி.

இப்போது இளைஞர்கள் கைபேசிச் செயலியில் பணத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு வாங்குகிறார்கள். கையில் உள்ள காசுக்கு வாங்குபவருக்குப் பிணை தேவையில்லை, கமிஷனும் குறைவு. அவர்களுக்கு நான் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் வசதி மார்ஜின் கணக்கு என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. அங்கே ஆளைப் பார்த்து வரம்பைக் குறைக்க யாரும் இல்லை. அடமானப் பங்கின் மதிப்பு எல்லைக்குக் கீழே போனால் விற்றுவிடுவார்கள், அவ்வளவுதான். எனவே பங்கு, தங்கம், எண்ணெய், சீட்டு எதுவானாலும், பணத்தை ஒப்படைக்கும் முன் நடுவில் நிற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எதிர்ப்பக்கத்து ஆள் கட்டாவிட்டால் எனக்கு யார் தருவார்? நான் வெளியேற நினைக்கும் நாளில் என்னிடமிருந்து யார் வாங்குவார்? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில், எவ்வளவு லாபம் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.