கைதட்டிக் கேட்ட கேள்வி

பதான்கோட்டில் இரயிலைவிட்டு இறங்கிப் பேருந்தில் ஏறியபோது நம் உள்ளத்திலே சிறிது இறுமாப்பு இருந்தது என்பதை மறைப்பானேன்? வேள்வியை வெறுத்தவர், பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதை ஏற்க மறுத்தவர், எவர் சொன்னாலும் எண்ணிப் பார்த்தே ஏற்றுக்கொள் என்று கூறியவர் புத்தர். அவர் வழி நடப்போர் வாழும் மலையூருக்குப் போகிறோம். நம் கொள்கைக்கு அங்கே சான்றுகள் குவிந்து கிடக்கும். அள்ளிக்கொண்டு வரலாம் என்றே எண்ணினோம். 1953 மே 27இல், புத்தர் பிறந்த நாளன்று, பிள்ளையார் உருவத்தை உடைத்துக் காட்டினாரே பெரியார், புத்தியைப் பயன்படுத்துபவனே புத்தன் என்று விளக்கம் தந்தாரே, அந்தப் புத்தரைத்தான் நாம் தேடிப் போனோம்.

தரம்சாலாவின் மேல்மலைப் பகுதி அது. மெக்லியாட் கஞ்ச் என்று பெயர். பஞ்சாபை ஆண்ட வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. 1905 ஏப்ரல் 4இல் காங்க்ரா பள்ளத்தாக்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர், ஊர் பாழாயிற்று. 1959இல் திபெத்தை விட்டு வெளியேறிய தலாய் லாமா, 1960இல் இங்கு வந்து தங்கிய பிறகே மீண்டும் உயிர் பெற்றது. தேவதாரு மரங்கள், அவற்றுக்கு மேலே தவுலதார் மலையின் பனிமுடி, தெருவெங்கும் செங்காவி உடையணிந்த துறவியர். எழிலைப் பற்றி இவ்வளவு போதும். எழில் காணவா போனோம்!

பெரிய கோயிலுக்குச் சென்றோம். சுவரோரமாக வரிசை வரிசையாய்ப் பித்தளை உருளைகள். உள்ளே மந்திரம் அச்சிட்ட தாள்ச்சுருள். கையால் ஒருமுறை சுழற்றினால் சுருளில் உள்ள மந்திரமனைத்தையும் ஓதிய பலன் உண்டாம்! முதியோர் சுழற்றினர், இளைஞர் சுழற்றினர், சுற்றுலா வந்த சீமான்களும் சுழற்றிப் படம் பிடித்துக்கொண்டனர். "நம்மூர் அருச்சகர் இதைப் பார்த்தால் வயிறெரிவார், தோழர்! சீட்டு வாங்காமலே அருச்சனை நடக்கிறதே!" என்றார் உடன் வந்த நண்பர். சிரித்தோம்.

கீழே இறங்கும் வழியில் நேச்சுங் மடம். அங்கே அருள்வாக்குச் சொல்வார் ஒருவர் இருக்கிறார். ஆவேசம் வந்து ஆடுவார். நாட்டுக் காரியங்களுக்கே அவரிடம் குறி கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம் பக்கத்துச் சாமியாடிக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? தலைப்பாகைதான் பெரிது! மறுபிறப்புக் கதையோ இன்னும் வேடிக்கை. 1937இல், இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து, முன்னைய தலாய் லாமாவே மீண்டும் பிறந்தார் என்றார்கள். அடுத்த பிறவியைத் தேடும் உரிமை தம் அறக்கட்டளைக்கே உண்டு என்று 2025 ஜூலையில் அவர் அறிவித்தார். இதைக் கேட்டு நகைப்போர், எதிர்த்தரப்பையும் பார்த்து நகைக்க வேண்டும். கடவுள் இல்லை என்னும் சீன அரசு, அரசின் இசைவின்றி எந்த லாமாவும் மறுபிறவி எடுக்கலாகாது என்று 2007இல் ஆணையே பிறப்பித்தது! பிறவாதே என்று மேலுலகத்துக்கு ஓலை அனுப்பிய ஆட்சி வேறெங்கேனும் உண்டா?

"பார்த்தது போதும், நாளையே திரும்பலாம்" என்றார் நண்பர். நமக்கும் சலிப்புதான். ஆயினும், பள்ளத்தாக்கில் சித்பூர் என்னும் இடத்தில், தோல்மா லிங் என்ற பெண்துறவியர் மடம் இருக்கிறது, மாலையில் முற்றத்தில் வாதம் நடக்கும் என்று தேநீர்க் கடைக்காரர் சொல்லவே, அதையும் பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம்.

நுழையும்போதே ஓசை கேட்டது. சண்டையோ என்று தயங்கினோம். மொட்டைத் தலையும் செங்காவியுமாகப் பெண்கள் பலர், இருவர் இருவராய். ஒருத்தி தரையில் அமர்ந்திருக்கிறாள், மற்றவள் நிற்கிறாள். நிற்பவள் வலக்கையை ஓங்குகிறாள், இடக்காலைத் தூக்கி நிலத்தில் உதைக்கிறாள், இரு கைகளையும் படீரென அறைந்து கேள்வியை வீசுகிறாள். அமர்ந்திருப்பவள் விடை சொல்லியாக வேண்டும். (தட்டுக்கும் உதைக்கும் சமயப்பொருள் ஒன்று சொன்னார்கள், அது நமக்கு வேண்டாம்.)

ஆங்கிலம் அறிந்த துறவி ஒருவர் நம் அருகே வந்து விளக்கினார். கதை அளக்க அங்கே இடமில்லை. விடை நான்கே வகை: ஏற்கிறேன், ஏன், காட்டிய காரணம் உண்மையன்று, காரணம் உண்மையே, எனினும் முடிவு அதிலிருந்து வராது. தொடக்கநிலைப் பாடம் நிறங்களைப் பற்றியது. "நிறம் எல்லாம் சிவப்பா?" என்பாள் ஒருத்தி. அமர்ந்தவள் அயர்ந்து "ஏற்கிறேன்" என்றால் தொலைந்தாள்! "அப்படியானால் வெண்சங்கின் நிறம் சிவப்பு, ஏனெனில் அதுவும் நிறம்!" என்று அறை விழும். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆனால் "சிலர் செய்தனர், ஆகவே அந்தச் சாதியே அப்படி" என்று பேசும் படித்த பெருமக்கள் எத்தனை பேர் இந்த முதற்பாடத்தில் தேறுவார்கள்?

மறுபிறப்பையும் இப்படிக் கேட்கலாமா என்றோம். "கேட்கத்தான் வேண்டும். உலகாயதர் கட்சியை ஒருத்தி ஏற்று நின்று வாதாடுவாள். அவர்களுக்கு மறுப்பாகத் தர்மகீர்த்தி எழுதியதைத்தான் படிக்கிறோம்" என்றார். அந்த மறுப்பு நமக்கு உடன்பாடன்று. ஆனால் மறுப்பவருக்கும் நின்று பேச இடம் உண்டு என்பதை மறைக்கலாமா?

தர்மகீர்த்தி! அவருக்கு வழிகாட்டிய திந்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்தியர் வரலாறு கூறுகிறது. மணிமேகலையின் 29ஆம் காதை பேசும் அளவை நெறி அந்தத் திந்நாகர் மரபோடு நெருங்கியது. காஞ்சியில் இன்று தரிசன வரிசை நீள்கிறது. காஞ்சியின் தருக்கமோ பனிமலை அடிவாரத்தில் கைதட்டுகிறது!

ஆனால் இப்பெண்களுக்கு அது எளிதில் கிட்டிவிடவில்லை. திபெத்தில் பெண்துறவியர்க்கு உரியது ஓதலும் சடங்குமே; தத்துவக் கல்வி ஆடவர் சொத்து. மலைகளைக் கடந்து தப்பி வந்தவர்களில் பலருக்குத் தம் பெயரை எழுதவும் தெரியாது. பதினேழு ஆண்டுப் படிப்பு, அதன்மேல் நான்கு ஆண்டுத் தேர்வு. இவற்றை முடித்த இருபது பெண்களுக்கு, கெஷேமா என்னும் உயர்பட்டம் 2016இல்தான் முதன்முறையாக, நம் பக்கத்துக் கருநாடகத்து முண்டகோட்டில் வழங்கப்பட்டது. முழுத்துறவோ அவர்கள் மரபில் பெண்களுக்கு இல்லை. அந்த வரிசை திபெத்துக்கு வந்து சேரவில்லை என்பது சாக்கு. அண்டை நாடான பூட்டானில் 2022இல் 144 பெண்களுக்கு அதை அளித்தார்களே, அங்கே மட்டும் எப்படி வந்து சேர்ந்தது?

நாம் பெருமையோடு மணிமேகலையின் கதையைச் சொன்னோம். வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேள்வி கேட்க அவள் ஆண் துறவியின் வடிவெடுத்துச் சென்றதைக் கேட்டதும் அத்துறவி, "ஏன்?" என்றார்.

"பெண்ணென்றால் மதித்து மறுமொழி தரமாட்டார்கள் என்பதால்."

"அது அந்நாள். இந்நாளில் உங்கள் மன்றங்களில் பெண்கள் தம் வடிவிலேயே நின்று வாதிடுகிறார்கள், அல்லவா?"

நான்கு விடைகளில் எதைச் சொல்வது? நமக்கு நம் ஊர்ப் படிப்பகம் நினைவுக்கு வந்தது. அதன் செயலாளராக இருந்தோம். 'பெண் விடுதலைக்குத் தடை மதமா, மரபா?' என்று ஒரு சொற்போர் வைத்தோம், பேச்சாளர் அறுவர், அறுவரும் ஆடவர். தானும் பேசுவதாகத் தங்கை கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் நம் வாயை அடைக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். "நீ வரவேற்புப் பாட்டுப் பாடம்மா" என்றோம். "மதமும் மரபும் இருக்கட்டும், அண்ணா, இந்தப் பேச்சாளர் பட்டியலைப் போட்டது யார்?" என்றாள். நல்ல நகைச்சுவை என்று தோழர்களிடம் சொல்லிச் சிரித்தோம். அவள் பாடினாள். அதன் பிறகு அந்தப் படிப்பகத்துக்கு அவள் வந்ததில்லை.

"சில மன்றங்களில்" என்றோம், மெல்ல.

"அது நான்கில் ஒன்றன்று" என்று சிரித்தார் அவர்.

நண்பர் மறுநாள் திரும்பலாம் என்று மீண்டும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அம்முற்றத்திலேயே அமர்ந்திருந்தோம். இரவு விடுதியிலிருந்து தங்கையைத் தொலைபேசியில் அழைத்தோம். "பனி விழுகிறதா, அண்ணா? கம்பளி இருக்கிறதா?" என்றாள். இருக்கிறது என்றோம். அன்று அந்தச் சொற்போரில் வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பாய் என்று கேட்க வாயெடுத்தோம். பேரன் அழுகிறான், பால் காய்ச்ச வேண்டும், நாளை பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.