அப்பாவின் வலக்கை

மனிதனுக்கு வாய்த்த செல்வங்களுள் கைகளுக்கு ஈடாக ஒன்றைச் சொல்வது அரிது. உழைப்பவன் வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த இரு கைகளை நம்பித்தான். அந்தக் கைகளைக் காப்பதற்கென்று ஒரு கையுறை இருக்கிறதே, அதைப் பற்றி நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நானும் எண்ணியதில்லை, சென்ற ஆண்டு என் தந்தையின் வலக்கை வெந்து போகும் வரையில்.

என் தந்தை கோவையில் ஒரு ஃபவுண்டரியில் வேலை செய்கிறார். உலையில் உருகிய இரும்பை லேடிலில் ஏந்தி மண் அச்சுகளில் ஊற்றுவது அவர் தொழில். பம்பு செட்டுகளுக்கான உறுப்புகள் அங்கே வார்க்கப்படுகின்றன. ஊற்றும்போது அந்த இரும்பின் வெப்பம் ஏறக்குறைய 1,400 டிகிரி செண்டிகிரேட். அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் போதும், பூவாணம் போலத் தீப்பொறிகள் தெறிக்கும். ஆலையில் பாலியெஸ்டர் சட்டை போட்டு வருபவரை மூத்தவர்கள் திட்டுவார்களாம். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திக் காக்கிச் சட்டையானால் பொறி விழுந்த இடம் கருகி ஓட்டையாவதோடு சரி.

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஓர் ஆணியில் பதினோரு தோல் கையுறைகள் தொங்கிக் கொண்டிருந்தன. பதினொன்றும் இடக்கைக்கு உரியவை! லேடிலின் பிடியை அதிகம் தாங்குவது வலக்கை. ஆகவே வலக்கை உறைதான் முதலில் கருகிக் கிழியும். ஆலையில் தருவதோ ஜோடியாக, அதுவும் சில மாதங்களுக்கு ஒரு முறை. நல்ல நிலையில் மிஞ்சிய இடக்கை உறையை எறிய மனமில்லாமல் அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்து விடுவார்.

அம்மா சிக்கனக்காரி. உள்துணி இல்லாத அந்த மலிவான உறையை உள்வெளியாகத் திருப்பினால் இடது வலதாகி விடும் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "என்னங்க, இதைப் போட்டுப் பாருங்க, சரியா இருக்கா?" என்றாள். சரியாகத்தான் இருந்தது. பழைய பொருள் பயன்பட்டதே என்று நாங்கள் மூவரும் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி ஒன்பது நாள்கூட நீடிக்கவில்லை. உறையைத் திருப்பியதும் உள்ளே ஒளிந்திருந்த தையல் வெளியே வந்து விட்டது. தோல் நெருப்பைத் தாங்கும். பருத்தி நூல் தாங்குமா? பொறி பட்டுப் பட்டு நூல் கருகியிருக்கிறது. ஒரு மாலை, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தையல் விட்டுப் போய், ஒரு துளி இரும்பு உள்ளே இறங்கி விட்டது. உறையைக் கழற்றுவதற்குள் வேக வேண்டியது வெந்து விட்டது. இரண்டு மாதம் அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மா தன்னையே நொந்து கொண்டாள். அப்பா மட்டும், "ஏன் அழுவறே? நீ நல்லதுக்குத்தானே பண்ணுனே!" என்று இடக்கையால் சோறு உண்டபடியே அவளைத் தேற்றினார்.

அந்த நாட்களில்தான், வேதியியல் மாணவியான நான், கையுறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மாட்டுத் தோலை இயந்திரத்தால் இரண்டாகப் பிளக்கிறார்கள். வழவழப்பான மேற்பகுதி காலணிக்குப் போகிறது. சொரசொரப்பான கீழ்ப்பகுதியே தொழிலாளியின் கையுறையாகிறது. இத்தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிடப்படுவது. வழக்கமான முறையில் அந்த உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவு நீரோடு போய் விடுகிறது.

இதைப் படித்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. ஏனென்றால் என் அம்மா பிறந்த ஊர் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. தோல் கழிவால் கெட்ட கிணற்றை விட்டு விட்டு, நெடுந்தொலைவு நடந்து குடிநீர் சுமந்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வட்டாரத்து மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக, அப்பாவின் கையைக் காத்த தோல் அம்மாவின் ஆற்றைக் கெடுத்ததா?

அப்படியானால் நம் முன்னோர் போல ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைப் பயன்படுத்தலாமே என்று தோன்றியது. பேராசிரியரின் அனுமதியோடு சோதனைச் சாலையில் ஒரு சிறு சோதனை செய்தேன். அப்பாவின் பழைய உறையிலிருந்து ஒரு துண்டு. பட்டையில் பதனிட்ட செருப்புத் தோலிலிருந்து ஒரு துண்டு. இரண்டையும் கொதிக்கும் நீரில் இட்டேன். குரோம் தோல் அப்படியே இருந்தது. பட்டைத் தோலோ வதங்கிய வெற்றிலையாகச் சுருண்டு விட்டது! ஆவாரம்பட்டை ஆற்றுக்கு நல்லது. உலை முன் நிற்கும் கைக்கு நல்லதன்று. சுருங்கும் உறை விரல்களை இறுக்கிப் பிடித்துக் கொண்டால் என்ன ஆவது?

முன்னாளில் உலைத் தொழிலாளர்க்கு ஆஸ்பெஸ்டாஸ் நூலில் நெய்த உறைகளைத் தந்தார்கள். கை வேகவில்லை, ஆனால் அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்து உயிரைக் குடித்தன. 1965-இல் ஸ்டெபனி குவோலக் என்ற அமெரிக்கப் பெண் வேதியியலாளர் கண்ட ஆய்விலிருந்து கெவ்லார் பிறந்தது. அது நெருப்பில் உருகுவதில்லை. ஆனால் அதை நூற்க அடர் கந்தக அமிலம் வேண்டும். மண்ணில் எளிதில் மக்கவும் மக்காது. குறையே இல்லாத பொருள் எங்கும் இல்லை என்று தெரிந்து கொண்டேன்.

பின் வழிதான் என்ன? முழு உறையையும் கெவ்லாரில் செய்ய வேண்டியதில்லை, தையல் நூல் மட்டும் அதுவாக இருந்து, தையலின் நடுவே ஒரு தோல் பட்டியும் வைத்துத் தைத்தால் உறை நெடுநாள் உழைக்கும். இரண்டு மடங்கு உழைக்கும் உறைக்குப் பாதித் தோல் போதும். பாதிக் குரோமியம் போதும். அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீரின்றிக் குரோம் பதனிடும் முறையையும் கண்டிருக்கிறது. குரோமியம் ஆற்றுக்குப் போகாமல் தோலிலேயே தங்கச் செய்வதே அறிவு.

இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு விட்டு, "அதெல்லாஞ் செரி அம்மிணி, வலக்கை மட்டும் தனியா வாங்க முடியாதா?" என்றார். நான் வாயடைத்துப் போனேன். ஆணியில் தொங்கிய பதினொன்றும் வீணானது எதனால் என்பதை, நான் படித்த நூல்கள் சொல்லவில்லை; அவர் சொன்னார்!

கையுறை தைக்கும் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டோம். "டஜன் கணக்குல எடுத்தீங்கன்னா வலக்கை மட்டும் தனியாத் தெச்சுத் தரலாமுங்க" என்றார் அவர். அப்பா உடன் வேலை செய்வோரைக் கூட்டிக்கொண்டு ஆலை மேலாளரிடம் போனார். காப்புச் சாதனம் தருவது நிர்வாகத்தின் கடமை என்பதை அவர்கள் பணிவாக நினைவூட்டினார்கள். செலவும் குறைகிறது என்று கணக்குக் காட்டிய பிறகே அவர் இசைந்தார். இப்போது இரண்டு ஜோடிக்கு ஒரு வலக்கை உறை கூடுதலாக வருகிறது, கருகாத நூலில் தைத்து.

நண்பர்களே! பூமியைக் காப்போம் என்று மேடைகளில் முழங்குகிறோம். நன்று. ஆனால் உழைப்பவன் கையைச் சுட்டு விட்டுப் பூமியைக் காக்க இயலாது. ஆற்றைக் கெடுத்து விட்டு அவன் கையைக் காப்பதும் காப்பாகாது. இரண்டையும் சேர்த்துக் காக்கும் வழியைத் தேடுவது படித்தவர் கடமை. தேடும்போது அந்த உறையை அணிபவரை ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

புறவாசல் ஆணியில் அந்தப் பதினோரு உறைகளும் இன்னும் தொங்குகின்றன. அம்மா அவற்றை இனித் திருப்ப மாட்டாள்.