உப்பில்லா வெண்ணெயும் ஒரு டஜன் சாமந்தியும்

மரக்காணத்தில் உப்பு இல்லாத ஒரு பொருளைத் தேடி அலைந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தேடியது வெண்ணெய். கேக் மேல் ரோஜா, சாமந்தி என்று பூப்பூவாய்ப் பிழிகிறார்களே, அந்த பட்டர் க்ரீமுக்கு உப்புப் போடாத வெண்ணெய் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் இருப்பதோ ரொட்டிக்குத் தடவுகிற உப்பு வெண்ணெய். 'வீட்டில் கடைந்து எடுத்தால் போச்சு' என்பீர்கள். அதில் தண்ணீரும் மோரும் ஜாஸ்தி; சர்க்கரை சேர்த்து அடித்தால் திரிந்துபோய் முறைக்கும். ஆகவே, சுற்றிலும் உப்பளத்தை வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து 35 கிலோமீட்டர் தள்ளி பாண்டிச்சேரியில் வாங்கி வந்தேன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நீ அதைக் காசு குடுத்து வாங்கியாறே!" என்றார் அத்தை (மாமியார்தான்).

பி.காம். படித்தவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்காதீர்கள். எழுதுகிற கட்டுரைகளுக்கு செக் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பையனின் ஸ்கூல் ஃபீஸ் மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.

பாண்டியில் நாலு சனிக்கிழமை வகுப்பு. 1929-ல் சிகாகோவில் வில்டன் என்கிற மனிதர் கேக் அலங்காரம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெயரில் வந்த கம்பெனியின் நம்பர்கள்தான் இன்றைக்கும் நாசிலுக்கு அடையாளம். 104 என்றால் ரோஜா இதழ், 81 என்றால் சாமந்தி. 104-ன் வாய் ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. தடிமன் கீழே இருக்கவேண்டும். ஆணி மாதிரி ஒன்றை இடது கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டே, நடுவில் ஒரு மொட்டு, அதைச் சுற்றி மூன்று இதழ், அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு. வலது கை அமுக்குவதும் இடது கை சுற்றுவதும் ஒத்துப்போகவேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் வீடு மாதிரி, கொஞ்ச நாளாகும்!

ஏ.ஸி. ரூமில் ரோஜா ஜம்மென்று நின்றது. மரக்காணத்தில்? மே மாதம் நிழலிலேயே 37, 38 டிகிரி. வெண்ணெயோ அடுப்பைப் பார்க்காமலே 32-லிருந்து 35-க்குள் உருகிவிடுகிற சாதி. ஏழாவது இதழ் போடும்போது முதல் இதழ் கும்பிடு போட்டுப் படுத்துவிடும். பையைப் பிடித்திருக்கிற உள்ளங்கைச் சூடே போதும் அதற்கு. பிரிட்ஜில் வைத்து எடுத்தால், கடலோர ஈரக் காற்று பட்டதும் பூவுக்கு முத்து முத்தாய் வியர்க்கிறது. நல்ல வெயிலும் காற்றும் அடித்தால் பாத்தியில் உப்பு நன்றாகப் பூக்கும். உப்பளத்துக்கு எது யோகமோ, அது என் ரோஜாவுக்கு எமகண்டம்.

"பாதிக்குப் பாதி வனஸ்பதி போடுங்க, நிக்கும்" என்றார் டீச்சர். நாம் சின்ன வயதில் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்ற பேக்கரி ரோஜா பெரும்பாலும் அந்த ஜாதிதான். மெழுகுவர்த்தியை சர்க்கரையில் தொட்டுத் தின்ற மாதிரி இருக்கும். 2022 முதல் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதம் தாண்டக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது என்றாலும், நாக்கில் ஒட்டுகிற அந்த மெழுகுக்குச் சட்டம் ஏது? எனக்கு வேண்டாம்.

அதனால் நேரத்தை மாற்றிக்கொண்டேன். விடிகாலை நாலு மணிக்கு விளக்கைப் போடுகிறேன். எதிர்வீட்டு அக்கா உப்பு வாரக் கிளம்புகிற நேரமும் அதுதான். ரோஜாவையும் குறைத்துவிட்டேன். சாமந்தி இதழ் குட்டை, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஒரு பூ நாலு நிமிஷம்.

முதல் ஆர்டர் கொடுத்ததும் அந்த அக்காதான், பெண்ணின் பிறந்தநாளுக்கு. அரைக் கிலோ கேக் 400 ரூபாய் என்பதைச் சொல்லிவிட்டேன். பூவுக்குத் தனியாக 180 என்று சொல்ல நாக்கு எழவில்லை. பரீட்சையில் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் எழுதுவது வேறு. வெயிலில் கூலிக்கு நிற்கிறவரிடம் சொல்வது வேறு. மென்று விழுங்கிச் சொன்னேன்.

"பூன்னா காசுதாம்மா. பூக்காரம்மா மொழத்த சும்மாவா குடுக்குது? ஆனா கரையக் கூடாது."

"கரையாதுக்கா. காலையில ஆறு மணிக்கு வெட்டிடுங்க."

"ஆறு மணிக்கு நான் அளத்துல இல்ல இருப்பேன்?"

வெண்ணெய்ப் பூ நிமிர்ந்து நிற்கிற நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் பூ நிற்காது! வாசல்படியிலேயே உட்கார்ந்து பேசினோம். கடைசியில் ராத்திரி எட்டு மணி என்று முடிவாயிற்று. அதுவரை கேக் எங்கள் பிரிட்ஜில். அத்தையின் மாவுப் பாத்திரத்துக்கு அன்றைக்கு மட்டும் இடமில்லை. எட்டடித்ததும் தெருவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியது. எட்டரைக்குள் கத்தி வைத்துவிடவேண்டும், கண்டிஷனாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் பிடிக்காதாம். ஊதாக் கலரில் சாமந்தி வேண்டுமாம்.