பதினெட்டாம் இடத்தில் ஒரு நல்ல அணி

தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதைப் போலச் சுலபமான காரியம் வேறு இல்லை. நேற்றுவரை யார் கண்ணிலும் படாத குறைகளெல்லாம், தோல்விக்கு மறுநாள் காலையில், பத்திரிகைகளிலும் ஜனங்களின் பேச்சிலும் வரிசையாக வந்து நிற்கின்றன. பயிற்சியாளரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது, ஆட்டக்காரர்களுக்குப் பணம் பெருகி ஊக்கம் போய்விட்டது, நிர்வாகம் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறது என்று ஆளுக்கொரு தீர்ப்பு எழுதுகிறார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால் புள்ளிப்பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள். புள்ளிப்பட்டியலோ நடந்தது இன்னது என்று சொல்லுமே ஒழிய, ஏன் நடந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஜெர்மனியின் புண்டஸ்லீகாவில் போருசியா டோர்ட்முண்ட் அணி 2014-15 ஆட்டப் பருவத்தில் பட்ட பாட்டைத் தொடர்ந்து கவனித்து வந்த பிறகுதான், இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது என் மனத்தில் திடமாகப் பதிந்தது.

அந்த அணியின் பூர்வ கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். யூர்கன் க்ளாப் பயிற்சியாளராக இருந்து 2011, 2012 ஆகிய இரண்டு வருஷங்களிலும் சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்த அணி அது. 2013-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை சென்று பேயர்ன் மியூனிக்கிடம் 2-1 என்று தோற்றது. அந்த பேயர்ன் மியூனிக்கே 2013-இல் மரியோ கோட்சேயையும், மறுவருஷம் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. லெவன்டோவ்ஸ்கியின் ஸ்தானத்தை நிரப்ப இத்தாலியிலிருந்து சீரோ இம்மொபிலே வந்து சேர்ந்தார். மார்கோ ராய்ஸோ காயத்தால் களத்தில் இருந்ததும் இல்லாததுமாக இருந்தார். இருந்தாலும் அந்த அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயத்தில் சிக்கும் என்று 2014 ஆகஸ்டில் யாராவது சொல்லியிருந்தால் கேட்டவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள்.

முதல் ஆட்டமே அபசகுனம்போல் தொடங்கியது. லெவர்குசன் அணியின் கரீம் பெல்லாரபி, ஆட்டம் ஆரம்பித்து 9 விநாடிகளுக்குள் கோல் போட்டார். புண்டஸ்லீகாவில் அதுவரை அவ்வளவு விரைவாக யாரும் கோல் அடித்ததில்லை. ஆட்டம் 2-0 என்று முடிந்தது. அதற்குப் பின் தோல்விமேல் தோல்வியாக வந்து, குளிர்கால இடைவேளைக்குள் 17 ஆட்டங்களில் 4 வெற்றி, 3 சமன், 10 தோல்வி என்றும், அடித்த கோல் 18, வாங்கிய கோல் 26 என்றும், பெற்ற புள்ளி 15 என்றும் கணக்கு நின்றது. 18 அணிகள் உள்ள பட்டியலில் இடம் பதினேழு. இதே மாதங்களில்தான் இதே அணி, ஆர்சனல் இருந்த ஐரோப்பியக் கோப்பைப் பிரிவில் முதலிடம் பெற்றது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அந்தப் பருவத்தின் ஆட்டங்களுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். செப்டம்பர் 20-ஆம் தேதி, மைன்ஸ் நகரம். க்ளாப் ஆட்டக்காரராகவும் பிறகு பயிற்சியாளராகவும் வளர்ந்த ஊர். இரண்டாம் பாதியில் ஜப்பானியரான ஷின்ஜி ஒகாசாகி மைன்ஸுக்காக ஒரு கோல் அடிக்கிறார். சிறிது நேரத்தில் டோர்ட்முண்டுக்குப் பெனால்டி கிடைக்கிறது. இம்மொபிலே அடிக்கிறார், கோல்கீப்பர் லோரிஸ் காரியுஸ் தடுத்துவிடுகிறார். அதன் பின் டோர்ட்முண்டின் மத்தியாஸ் கின்டர் காலில் பட்டே பந்து சொந்த வலைக்குள் புகுந்து சேம் சைடு கோலாகிறது. பட்டியலில் இது 2-0 என்ற தோல்வி; பூஜ்யம் புள்ளி; வேறு விவரம் எதுவும் அதில் ஏறாது. ஆனால் பெனால்டி என்பது நான்கில் மூன்று தடவை கோலாகக்கூடிய அடி. அதைப் பெறும் நிலைமைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோன அணியும், நாள் முழுவதும் எதிரியின் எல்லைக்குள்ளேயே போக முடியாமல் தவித்த அணியும் பட்டியலின் கண்ணில் ஒன்றுதான்.

இந்த அநீதியைத் திருத்தவே ஒரு புதிய கணக்கு முறை பிறந்தது. ‘எதிர்பார்ப்பு கோல்’ என்று அதைச் சொல்லலாம். கோலை நோக்கி அடிக்கப்படும் ஒவ்வோர் அடியையும் எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா, எவ்விதமான பாஸுக்குப் பின் அடிக்கப்பட்டது என்று பார்த்து, முன்பு அதேமாதிரி அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அடிகளில் எத்தனை கோலாயின என்பதிலிருந்து அதற்கு ஒரு மதிப்புக் கொடுக்கிறார்கள். பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்றே மேல். பெட்டிக்கு வெளியே நெடுந்தூரத்திலிருந்து அடிப்பதற்கு மிகச் சொற்பம். ஓர் ஆட்டத்தில் இந்த மதிப்புகளைக் கூட்டினால், அந்த அணி எத்தனை கோல் அடிக்கத் தகுதியாக ஆடியது என்று ஒரு மதிப்பீடு கிடைக்கிறது.

கால்பந்தில் இது ஏன் இவ்வளவு அவசியம் என்றால், கோல் என்பது அங்கே அபூர்வமான பண்டம். கிரிக்கெட்டில் நூற்றுக்கணக்கான ரன்கள் குவிவதால் ஒரு தற்செயல் மற்றொன்றை ஈடுசெய்துவிடுகிறது. கால்பந்திலோ இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல்கூடச் சராசரியாக விழுவதில்லை. ஓர் அணி சராசரியாக ஒன்றரைக் கோலுக்குரிய வாய்ப்புகளை உண்டாக்கி, எதிரிக்கு ஒரு கோலுக்குரிய வாய்ப்புகளை மட்டுமே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல அணிதான். ஆனாலும் நிகழ்தகவுக் கணக்குப்படி அது ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில்தான் வெல்லும், கால்வாசி சமனாகும், கால்வாசியில் தோற்றே தீரும். 17 ஆட்டங்களில் அது பெறக்கூடியது சுமார் 29 புள்ளி. ஐந்தாறு புள்ளி கூடுவதும் குறைவதும் யாருடைய திறமையையும் குற்றத்தையும் பற்றி எதையும் சொல்வதாகாது. ஒரு வருஷம் மழை பொய்த்ததைப் பார்த்து நிலத்தையே மலட்டு நிலம் என்று விற்றுவிடுகிற விவசாயி நம்மில் இல்லை. ஆனால் பாதிப் பருவத்தைப் பார்த்துப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகங்கள் உலகெங்கும் உள்ளன.

அதே கணக்கு டோர்ட்முண்டை முழுவதும் நிரபராதி என்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒரு நல்ல அணி 29-இலிருந்து 15-க்கு இறங்குவது வெறும் துரதிருஷ்டத்தால் மட்டும் அடிக்கடி நேரக்கூடியதன்று. தடுப்பாட்டத்தில் திரும்பத் திரும்ப நேர்ந்த அஜாக்கிரதைகள் வாஸ்தவமானவை, காயங்கள் வாஸ்தவமானவை, பந்தை இழந்த கணமே பாய்ந்து பறிக்கும் க்ளாபின் ஆட்டமுறைக்கு எதிரிகள் மாற்று கண்டுபிடித்து, பந்தை அவர் அணியிடமே விட்டுவிட்டுப் பின்னால் கூட்டமாக நின்றார்கள் என்பதும் வாஸ்தவம். பின்தங்கிய அணி எப்போதும் முன்னேறி அடித்துக்கொண்டேயிருக்கும், முந்திய அணி ஒதுங்கிக் காத்துக்கொள்ளும். ஆகவே 9 விநாடியில் கோல் வாங்கிய அணி எத்தனை முறை அடித்தது என்று மட்டும் எண்ணுகிறவன் ஏமாந்துபோவான். எண்களை நம்புகிற நான், இந்த எச்சரிக்கையை நம்பிக்கையின் ஒரு பாகமாகவே கொள்கிறேன். அதைத் தவறவிட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ராயல் விமானப்படையைச் சேர்ந்த சார்ல்ஸ் ரீப் 1950 மார்ச்சில் ஸ்விண்டன் மைதானத்தில் பென்சிலும் குறிப்பேடுமாக உட்கார்ந்து பாஸ்களை எண்ணத் தொடங்கியவர். இத்துறையின் பிதா என்றே அவரைச் சொல்லலாம். மூன்று பாஸ்களுக்குள் முடியும் முயற்சிகளிலிருந்தே பெரும்பாலான கோல்கள் விழுகின்றன என்று கண்டு, பந்தை நெடுந்தூரம் உதைத்து அனுப்புவதே உத்தமம் என்று முடிவுகட்டினார். ஆட்டத்தில் நடக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவையே மூன்று பாஸ்களுக்குள் முடிகிறவைதாம் என்பதை அவர் எடை போடவில்லை. எண்ணுவது வேறு, நிறுப்பது வேறு.

எண்கள் எல்லாத் தோல்விக்கும் ஆறுதல் சொல்லி அனுப்புவனவும் அல்ல. 2007-08-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் டெர்பி கவுண்டி 38 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்று, 29-இல் தோற்று, 20 கோல் அடித்து 89 கோல் வாங்கி, 11 புள்ளியுடன் முடித்தது. அங்கே பட்டியல் சொன்னதற்கு மேல் எந்தக் கணக்கும் சொல்வதற்கு இல்லை.

டோர்ட்முண்டுக்கு இன்னும் மோசமான ஓர் இரவு பாக்கியிருந்தது. 2015 பிப்ரவரி 4. சொந்த மைதானத்தில் அவுக்ஸ்பர்க் அணியிடம் 1-0 என்று தோல்வி. அதுவும் கடைசி இருபத்தைந்து நிமிஷங்களுக்கு மேல் எதிரிகள் பத்துப் பேராக நின்று ஆடியபோது. 19 ஆட்டங்களில் 16 புள்ளி; பதினெட்டாம் இடம். இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நின்றபடியே ஆட்டம் பார்க்கும் தெற்கு மாடத்தில் சீழ்க்கையும் கூச்சலும் எழுந்தன. உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியில் இடம்பெற்றிருந்த கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் மாட்ஸ் ஹம்மல்ஸும் அந்த மாடத்தின் வேலிமேல் ஏறி, ஜனங்களோடு முகத்துக்கு முகம் நின்று பேசினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பரிதாபத்தைவிட மரியாதையே மிகுந்தது. தம் பிழை எவ்வளவு, காலத்தின் பிழை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அந்த நேரத்தில் அவர்களுக்கு வார்த்தை இருந்திருக்க முடியாது. அந்த வார்த்தையைத் தரக்கூடியது நிதானமான கணக்கு ஒன்றுதான்.

நிர்வாகத்தார் க்ளாபை நீக்கவில்லை. அடுத்த நான்கு ஆட்டங்களையும் டோர்ட்முண்ட் வென்றது. நான்காவது, பரம வைரியான ஷால்கேயை 3-0 என்று வென்றது. முதல் பாதியில் 15 புள்ளி பெற்ற அணி இரண்டாம் பாதியில் 31 புள்ளி பெற்றது. மொத்தம் 46 புள்ளியுடன் ஏழாம் இடம். ஏப்ரலில் க்ளாப் தாமாகவே, பருவ முடிவில் விலகிக்கொள்வதாக அறிவித்தார்.

அக்டோபரில் லிவர்பூல் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவை நடத்திவந்த இயன் கிரகாம், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், டோர்ட்முண்டின் அந்தப் பருவத்தை ஆட்டம் ஆட்டமாகக் கணக்கிட்டு, அணி ஆடிய தரத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்கவேண்டும் என்று கண்டிருந்தார். க்ளாப் வந்த சில வாரங்களில் அவரிடம் சென்று கிரகாம் முதலில் பேச்செடுத்தது மைன்ஸ் ஆட்டத்தைப் பற்றித்தான். அந்த ஆட்டத்தை கிரகாம் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் பலர் சொல்லத் தவறியதை அவருடைய ஏடு சொல்லிற்று என்பதில்தான் இந்தக் கலையின் கௌரவம் இருக்கிறது.

க்ளாப் பின்னர் லிவர்பூலுக்கு 2019-இல் ஐரோப்பியக் கோப்பையும் 2020-இல் லீக் பட்டமும் பெற்றுத் தந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி டோர்ட்முண்டிலேயே இருக்கிறது. புதிய பயிற்சியாளர் தாமஸ் டூகெல் பொறுப்பேற்றார் என்பதும், புதிதாகச் சிலர் வந்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அணியின் முதுகெலும்பாக நின்றவர்கள் பெரும்பாலும் பழையவர்கள்தாம். ஊக்கம் செத்தவர்கள் என்று ஒரு குளிர்காலம் முழுவதும் பேசப்பட்ட அந்த ஆட்டக்காரர்கள் 2015-16-இல் 34 ஆட்டங்களில் 82 கோல் அடித்து, 78 புள்ளி பெற்று, இரண்டாம் இடத்தில் முடித்தார்கள்.