இரு வீதிக்கு ஒரு ரயர்

மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குவதென்றால் நம்மவர் வீடுகளில் அது ஒரு சிறு கலியாணத்துக்குச் சமானம். நிறம் பார்ப்பார்கள், நாள் பார்ப்பார்கள், ஒன்றுவிட்ட சகோதரர் முதற்கொண்டு அயலிலுள்ள வாத்தியார் வரையில் அபிப்பிராயம் கேட்பார்கள். கோயில் வாசலிலே எலுமிச்சம்பழத்தைச் சில்லின் கீழ் வைத்து நசுக்கிய பின்னரே வண்டி வீதிக்கு இறங்கும். அந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிய ரயரைப் பற்றி மட்டும் எவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டொரு வருடத்தில் அது தேய்ந்து வழுவழுப்பாகும்போது, "கடையில் என்ன இருக்கிறதோ அதைப் போடு" என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். வண்டியையும் அதன்மேல் இருப்பவரையும் நிலத்தோடு பிணைப்பது ஒவ்வொரு சில்லிலும் ஏறக்குறைய உள்ளங்கையளவு இறப்பர் மாத்திரமே என்பதை நாம் நினைப்பதில்லை.

என் மூத்த மகளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்திராவிட்டால் நானும் இதனை நினைத்திருக்க மாட்டேன். பரந்தனுக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து முல்லைத்தீவு வீதியில் 14 கிலோமீற்றர் சென்று, பின்பு உள்ளே திரும்பி 8 கிலோமீற்றர் கிறவல் வீதியில் போனால் அவளுடைய பாடசாலை வரும். பஸ் வண்டி சந்தியோடு நின்றுவிடும். ஆகவே மோட்டார் சைக்கிள் இன்றியமையாததாயிற்று. அவளுடையது 100 சி.சி. வண்டி, கம்பிச் சில்லு, முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17 என்ற அளவு ரயர்கள். அதாவது முன் ரயரின் அகலம் ஏறக்குறைய 2.75 அங்குலம், அது பொருந்தும் சில்லு வளையத்தின் விட்டம் 17 அங்குலம். வண்டியோடு வந்த ரயர்கள் நல்ல தார் வீதியை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. அவை தேய்ந்து, ஐப்பசி மழைக்கு முன் மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் வீட்டிலே வாதம் தொடங்கியது.

என் மைத்துனரின் மகன் வாகன விஷயங்களில் தன்னை ஒரு நிபுணனாகக் கருதுபவன். "மாமா, கிறவலிலை ஓடுறதெண்டால் கட்டை கட்டையாய் எழும்பின ரயர்தான் போடவேணும்" என்று அவன் அடித்துச் சொன்னான். கடை முதலாளியோ கணக்குப் பார்ப்பவர். "பதினாலு தார், எட்டுக் கிறவல். கூட ஓடுறது தாரிலைதானே ஐயா? தார் ரயரே போதும்" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. என் மனைவியோ இரண்டையும் கேட்காமல், இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கும்படி வற்புறுத்தினாள். அதுவரை வாய் திறவாதிருந்த மகள் கடைசியிலே சொன்னாள்: "அப்பா, கிறவலிலை நான் இருபத்தைஞ்சிலைதான் போறன். விழுந்தாலும் முழங்கால் உரசும், எழும்பிப் போயிடுவன். தாரிலை அம்பதிலை போகேக்கை எனக்குப் பின்னாலை மணல் லொறி வரும். எங்கை விழக்கூடாதோ அதைப் பாருங்கோ."

அந்த ஒரு வாக்கியம் என் சிந்தனையையே வேறு திசைக்குத் திருப்பிவிட்டது. கிலோமீற்றரை எண்ணிய முதலாளியும் கிறவலைக் கண்டு பயந்த மருமகனும் வீதியைப் பார்த்தார்களேயன்றி, பிடி நழுவும் கணத்தில் என்ன நேரும் என்பதைப் பார்க்கவில்லை. அவர்கள் பேச்சை ஒருபுறம் வைத்து, ரயர் வேலை செய்யும் விதத்தையே விளங்கிக்கொள்ள முற்பட்டேன்.

தார் வீதியிலே பிடிப்புத் தருவது இறப்பரின் பரப்பு. எவ்வளவு இறப்பர் தாரைத் தொடுகிறதோ அவ்வளவுக்கு நன்று. வரிகள் வெட்டப்பட்டிருப்பது அழகுக்காகவன்று. மழை நீரை அங்கிருந்து வெளியேற்றுவதற்காகவே. கட்டை கட்டையான ரயரில் தாரைத் தொடுவது அக்கட்டைகளின் தலைகள் மட்டுமே. பிறேக்கை அழுத்தும்போது அவை வளைந்து நெளியும். ஈரத்தாரில் வண்டி நிற்க மேலும் சில முழம் தேவைப்படும். காப்பெற் வீதியில் அவை விரைவாகத் தேய்ந்தும் போகும். கிறவலிலே கதை வேறு. அங்கே மேற்பரப்பே அசைகிறது. கட்டைகளின் விளிம்புகள் தளர்ந்த மண்ணுக்குள் இறங்கிக் கவ்வினால்தான் பிடிப்பு உண்டாகும். மாரியிலே நமது செம்மண் கிறவல் களியாகும்போது கட்டைகளுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால் சேறு கழன்று விழும். இல்லாவிடில் வரியெல்லாம் நிரம்பி, ரயர் வெறும் களியுருளையாகிவிடும்.

ஆனால் ஒன்று. கடினமாக இறுகிய தரையின்மேல் சிறு கற்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் எந்த ரயரும் கவ்வாது. கற்கள் சில்லின் கீழ் குண்டுமணிபோல உருளும். அங்கே உதவுவது வேகத்தைக் குறைப்பதும், வளைவிலே வண்டியைச் சரிக்காமல் ஓட்டுவதுமே. இதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. கோடையில் கிறவலின்மேல் உண்டாகும் அலைவரிப் பள்ளங்களும் அப்படியே. அவை வண்டிகளின் சில்லுகளே உழுது உண்டாக்கியவை. ஆகையால் நல்ல ரயர் போட்டவரையும் அவை மற்றவரைப் போலவே குலுக்கும்.

இனி, முன் சில்லும் பின் சில்லும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பின் சில்லு தள்ளுகிறது. அது சற்று வழுக்கினால் பெற்றோலைக் குறைத்து வண்டியை நிமிர்த்த அவகாசம் உண்டு. முன் சில்லு வழி காட்டுகிறது. பிறேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதியும் அதன்மேலேயே வந்து விழும். அது வழுக்கினால் கைப்பிடி கையைவிட்டுப் போய்விடும், நினைக்க நேரமிராது. பின் ரயர் விரைவிலே தேய்வதால் நம்மவர் அதையே அடிக்கடி மாற்றுகிறார்கள். முன்னதை "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கனமெல்லாம் முன் சில்லிலே வந்து விடிவது எனக்குப் பெரும் விசித்திரமாகவே படுகிறது.

இவற்றையெல்லாம் மகளின் வாக்கியத்தோடு சேர்த்துப் பார்த்தபோது தெரிவு தானாகவே பிறந்தது. முன்னுக்கு, நடுவில் தொடர்ச்சியான இறப்பர்ப் பட்டியும் இரு ஓரங்களில் வெட்டுகளும் உள்ள ரயர்; அது ஈரத்தாருக்காக. பின்னுக்கு, நெருக்கமான கட்டைகளும் அவற்றின் நடுவே நல்ல ஆழமான பள்ளங்களும் உள்ளது, அது கிறவலுக்காக. இத்தகையவற்றைச் செய்வோர் "80க்கு 20", "50க்கு 50" என்று தார் வீதிக்கும் மண் வீதிக்கும் பங்கு பிரித்துக் குறிப்பிடுவார்கள். அவை ஒவ்வொரு கம்பனியும் தானே வகுத்த மதிப்பு; ஒரு கம்பனியின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. கண்ணால் பார்த்து, விரலை வரிக்குள் விட்டு ஆழம் பார்ப்பது மேல். அகலமான ரயர் போட்டால் பிடிப்புக் கூடும் என்று மருமகன் மறுபடியும் ஒரு யோசனை சொன்னான். ஒடுங்கிய வளையத்தில் அகலமான ரயரை ஏற்றினால் அதன் உருவம் கோணும்; மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே களி சிக்கிச் சில்லையே நிறுத்திவிடவும் கூடும். அவனும் பின் பேசவில்லை.

காற்று நிரப்பிய ரயரின் சரித்திரத்திலும் ஒரு தகப்பனார் இருக்கிறார். 1887இல் பெல்பாஸ்ற் நகரிலே டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் மகனின் முச்சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்கியதைக் கண்டு, இறப்பர்க் குழாயில் காற்றடைத்து அதன் சில்லில் மாட்டினார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் பெற்றார். தொம்சன் என்ற மற்றொருவர் 1845இலேயே அதே எண்ணத்தைப் பதிந்துவைத்திருந்தமையால் அந்த உரிமை பின்னர் செல்லாமற் போனது வேறு கதை. எங்கள் நாட்டுக்கு இறப்பர்க் கன்றுகள் வந்து கம்பகாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நாட்டப்பட்டதோ 1876இல்.

கடையிலே ரயரின் பக்கச் சுவரை வாசிக்க மாணவர்களும் பழகிக்கொள்ளலாம், பெரிய வித்தையன்று. 50பீ என்றிருந்தால் 50 என்பது 190 கிலோகிராம் பாரம் தாங்கும் என்பதற்கும், பீ என்பது மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்பதற்கும் குறியீடுகள். நான்கு இலக்கம் கொண்ட ஒரு சிறு முத்திரையும் இருக்கும்; 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. வாசலில் வெயிலிலே பல வருடம் தொங்கிய ரயர் புதிதாகத் தோன்றினாலும் இறப்பர் இறுகிப் போயிருக்கும். அம்புக்குறி இருந்தால் சில்லு உருளும் திசைக்கே அது பொருத்தப்பட வேண்டும். அவசரத்தில் இதை மறக்கும் கராஜ்கள் உண்டு.

காற்றமுக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கிறவலில் காற்றைச் சற்றுக் குறைத்தால் ரயர் பரந்து பதியும் என்பது மெய். ஆனால் ரியூப் உள்ள ரயரில் அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரியூப் வளையத்துக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளை விழும். சில வேளை ரயர் வளையத்தின்மேல் வழுக்கி, வால்வையும் அடியோடு அறுத்துவிடும். வால்வு நேராக நில்லாமல் சரிந்திருந்தால் அதுவே முன்னறிவித்தல். தினமும் இரு வீதியிலும் ஓடுபவள் சந்தியில் இறங்கிக் காற்றைத் திறந்து, மீண்டும் அடித்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா? வண்டியில் குறித்திருந்தபடி முன்னுக்கு 25, பின்னுக்கு 28 இறாத்தல் என்றே வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலையில், வண்டி ஓடி ரயர் சூடேறு முன் நான் அளந்து பார்ப்பேன்.

புது ரயரின் மேற்பரப்பு சற்று வழுக்கலாகவே இருக்கும். முதல் 100 கிலோமீற்றர் வரை வளைவுகளில் நிதானமாகப் போகும்படி சொன்னேன். அந்த மாரியில் ஒரு மாலை மகள் வீடு திரும்பியபோது அவளது சேலை விளிம்பெல்லாம் செங்களி. மதகுக்கு இறங்கும் சரிவிலே பின் சில்லு ஒரு முழம் பக்கவாட்டில் போனதாம், பெற்றோலைக் குறைத்தாளாம், வண்டி நிமிர்ந்ததாம். தேநீர் குடித்தபடி இதை அவள் சொன்ன சாவதானம் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. இடமாற்றப் பேச்சு இன்னும் ஒரு வாரம் நீடித்தது.

பாடசாலை நாட்கள் 200 என்று கொண்டால் அவள் ஆண்டுக்கு 8,800 கிலோமீற்றர் ஓடுகிறாள். பின் ரயரின் வரிகளுக்குள்ளே தேய்வைக் காட்டும் சிறு மேடுகள் இப்போது மேற்பரப்போடு சமமாகும் தறுவாயில் இருக்கின்றன. முன்னதில் இன்னும் அரைவாசி ஆழம் உண்டு. வரும் சனிக்கிழமை தானே கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பரந்தனில் அதே ரயர் கிடைக்காவிட்டால் கிளிநொச்சியிலும் விசாரிப்பாளாம்.