கப்பம் கேட்ட கணினி



கணினிப் பாதுகாப்பைப் பற்றி இந்த இதழில் யாராவது எழுத வேண்டும் என்று வாலிபர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, எல்லோரும் கணினித் துறையில் வேலை செய்யும் அண்ணாமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். கையை உயர்த்தியது நான். நான் ஒரு தாதி. கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் என்னால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

2022 நவம்பர். இரவு வேலை முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். அண்ணாவின் மகளுக்கு நத்தார்ப் பரிசு ஒன்று வாங்கி, அது வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். "உங்கள் பொதியைத் தர முடியவில்லை, விபரம் இணைப்பில் உள்ளது" என்று ஒரு மின்னஞ்சல். தூக்கக் கண்ணோடு மடிக்கணினியில் அந்த இணைப்பைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

பின்னேரம் எழும்பிப் பார்த்தால், கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் ஏதேதோ எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒரு படமும் திறக்கவில்லை. திரையில் ஒரு குறிப்பு: 72 மணித்தியாலத்துக்குள் 900 டொலர் பெறுமதியான பிட்கொயின் அனுப்பினால் திறப்பைத் தருவோம்.

'கப்பம்' என்ற சொல்லை எங்கள் பெற்றோருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு காசு கேட்பது. ரான்சம்வேர் அதையே கோப்புகளுக்குச் செய்கிறது. உங்கள் படம் கணினியிலேதான் இருக்கும். ஆனால் யாரும் வாசிக்க முடியாதபடி அது கணக்கு முறையில் குழப்பப்பட்டிருக்கும். அதை மீட்கும் திறப்பு அவர்களிடம் இருக்கும். இப்போது பல கும்பல்கள் பூட்டுவதற்கு முன்பே ஒரு பிரதியையும் களவெடுத்துவிட்டு, "காசு தராவிட்டால் வெளியிடுவோம்" என்றும் மிரட்டுகின்றன.

அந்தக் கணினியில் அம்மாவின் அல்பம் இருந்தது. உடுவிலில் இருந்து அம்மா கொண்டுவந்த ஒரே அல்பம். 2010இல், நான் தாதியியல் படித்துக்கொண்டிருந்த கோடை விடுமுறையில், அதிலிருந்த 214 படங்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணினேன். 2013 ஜூலை மழையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலவறைக்குள் தண்ணீர் வந்து அல்பம் ஊறிப்போனது. அதன் பிறகு இருந்தவை அந்த ஸ்கேன் படங்கள் மட்டுமே.

பதற்றத்தில் இரண்டாவது பிழையையும் விட்டேன். அலுமாரியில் இருந்த வெளி ஹார்ட் டிரைவில் பிரதி இருக்கிறதா என்று பார்க்க, அதையும் அதே கணினியில் செருகினேன். சில நிமிடங்களில் அதுவும் பூட்டுப்பட்டது.

மூன்றாவது பிழைதான் பெரியது. மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலையில் மருந்து மாறிக் கொடுபட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று புதிதாக வரும் தாதிகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். யார் செய்தது என்பது பிறகு. நோயாளியை முதலில் பார்க்க வேண்டும். அது என் வீட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது.

கடைசியில் தம்பிக்குச் சொன்னேன். "அக்கா, ஏன் அப்பவே சொல்லேல்லை? கண்ட உடனே வைஃபையை நிப்பாட்டி, ஒண்டையும் செருகாமல் விட்டிருந்தால் மற்ற டிரைவாவது தப்பியிருக்கும்" என்றான். காசைக் கட்டிவிடுவோமா என்று கேட்டேன். "கட்டினால் திறப்புத் தருவாங்கள் எண்டு என்ன நிச்சயம்? குடுக்கிற வீடு எண்டு குறிச்சு வைச்சிட்டுத் திரும்பியும் வருவாங்கள்." நாங்கள் கட்டவில்லை. யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிசாரும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் சில வகைகளுக்குத் திறப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்களுடையதற்கு இருக்கவில்லை.

அடுத்த மாதமே இது எங்கள் நகரத்தின் கதையானது. 2022 டிசம்பர் 18 இரவு சிக்கிட்ஸ் சிறுவர் வைத்தியசாலையின் கணினிகளை ரான்சம்வேர் தாக்கியது. ஆய்வுகூட முடிவுகளும் ஸ்கேன் படங்களும் வரத் தாமதமாகின. ஒரு குழந்தையின் இரத்த முடிவுக்காகக் காத்திருக்கும் தாதிக்கு ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். டிசம்பர் 31 அன்று லொக்பிட் என்ற கும்பல், தங்கள் பங்காளி ஒருவர் செய்த வேலை இது என்று மன்னிப்புக் கேட்டு, திறப்பை இலவசமாகக் கொடுத்தது. வைத்தியசாலை கப்பம் கட்டவில்லை. அதற்குள் தன் முன்னுரிமை அமைப்புகளில் பாதிக்கு மேல் தானே மீட்டிருந்தது. ஜனவரி 5 அன்று அவசர நிலை நீக்கப்பட்டது.

2023 அக்டோபர் 28 அன்று ரொறன்ரோ பொது நூலகம். ஊழியர்களின் தனிப்பட்ட விபரங்கள் களவு போயின. நூலகமும் கப்பம் கட்டவில்லை. கிளைகள் திறந்தே இருந்தன. ஆனால் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் அவை டிரெய்லர்களில் மாதக்கணக்கில் அடுக்கிக் கிடந்தன. எங்கள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யப் போகும் கணினிகளும் அதுவரை இயங்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. எல்லாம் கை கழுவுவது போலச் சின்ன வேலைகள்தான்.

முதலாவது, முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வைத்திருங்கள். இரண்டு வேறு வகைச் சாதனங்களில்; அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஹார்ட் டிரைவில் பிரதி எடுத்த உடனே கழற்றி வையுங்கள். கூகிள் டிரைவ், வன்டிரைவ் போன்றவற்றை மட்டும் நம்பாதீர்கள். கணினியோடு அவை தானாக ஒத்திசைந்தால், பூட்டுப்பட்ட கோப்பும் அங்கே போய்விடும். பழைய பதிப்பை எப்படி மீட்பது என்று இப்போதே பழகி வையுங்கள்.

இரண்டாவது, 'அப்டேட்' கேட்டால் 'பிறகு' என்று தள்ளாதீர்கள். 2017 மே மாதம் வன்னாகிரை பரவி, இங்கிலாந்தின் பொது வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாகின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

மூன்றாவது, எதிர்பாராத இணைப்பைத் திறக்காதீர்கள். பொதி வரவேண்டியிருந்தால் அந்தக் கடையின் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். காசு கட்டாமல் எடுக்கும் களவு மென்பொருளையும் விளையாட்டுகளையும் தொடாதீர்கள். மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்புப் போடுங்கள்.

நான்காவது, நடந்துவிட்டால் இணையத்தைத் துண்டியுங்கள், ஒன்றையும் செருகாதீர்கள், குறிப்பைத் தொலைபேசியில் படம் எடுங்கள். பொலிசுக்கும் கனடிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் அறிவியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் ஏசாமல் கேளுங்கள். ஏச்சுக்குப் பயந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

எங்கள் 214 படங்களில் 61 திரும்பி வந்தன. 2011 நத்தாருக்கு லண்டனில் இருக்கும் சின்னம்மாவுக்கு ஒரு டிவிடியில் பதிந்து அனுப்பியவை அவை. அம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அம்மம்மா கிணத்தடியில நிண்ட படம் எங்க பிள்ளை?" என்று கேட்டார். அது இல்லை. அம்மா என்னை ஏசவில்லை. அந்தப் படத்தில் அம்மம்மா என்ன சேலை கட்டியிருந்தார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று சொல்லத் தொடங்கினார். நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

இன்று இரவு உங்கள் அம்மா அப்பாவிடம், பழைய படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரே இடத்தில்தான் என்றால், படுக்கப் போக முன் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.